பலகை இரண்டாம் பதிப்பு, விதிப்புத்தகம் முதற்பதிப்பு: ஒரு புகார்க் கடிதம்

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம், சிங்கப்பூர்.

பொருள்: மாயப் பயணப் பலகை ஆட்டத்தின் பெட்டியில் வேறு பதிப்பின் விதிப்புத்தகம் இருந்தமை, அதற்குத் தீர்வு தராமல் அலைக்கழித்தமை தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையாருக்கு,

வணக்கம். தங்கள் நிறுவனம் வெளியிட்டு, ஆர்ச்சர்ட் சாலையிலுள்ள தங்கள் சொந்தக் கடையிலேயே விற்பனை செய்யும் மாயப் பயணப் பலகை ஆட்டத்தை, ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையையொட்டி, பொருள் சேவை வரி உட்பட 129 வெள்ளி 90 காசு கொடுத்து வாங்கியவன் நான். தங்கள் கடைக்கும், தொலைபேசிச் சேவைக்கும், மின்னஞ்சல் முகவரிக்கும், உபி வட்டாரத்திலுள்ள தங்கள் சேவை முகப்புக்கும் மாறி மாறி முறையிட்டும் எங்கும் தீர்வு கிடைக்காததால், இக்கடிதத்தை எழுத்துபூர்வமான புகாராகத் தங்கள் பார்வைக்கு அனுப்புகிறேன். இதற்குப் பிறகு நான் எழுதும் கடிதம் தங்கள் முகவரிக்கு வராது என்பதையும் மரியாதையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

குறை இதுதான். பெட்டியிலுள்ள பலகையும் அட்டைகளும் இரண்டாம் பதிப்பைச் சேர்ந்தவை; விதிப்புத்தகமோ முதற்பதிப்பைச் சேர்ந்தது. பலகையின் வலது கீழ் மூலையிலும் புத்தகத்தின் பின்னட்டையிலும் தாங்களே சிற்றெழுத்தில் அச்சிட்டிருப்பதைத்தான் சொல்கிறேன். என் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. எந்தப் பெட்டிக்குள் எது போகிறது என்பது அதை அடைத்து மூடியவர்களுக்கு எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

விதிப்புத்தகத்தின் 6ஆம் பக்கம், மூன்று முத்திரைகளைச் சேர்த்துக்கொண்டு நுழைவாயிலுக்கு முதலில் திரும்பும் பயணியே வெற்றியாளர் என்று கூறுகிறது. பலகையில் நுழைவாயில் என்று ஒன்று இல்லவே இல்லை. கிழக்கு வாயில் இருக்கிறது, மேற்கு வாயில் இருக்கிறது. இரண்டில் எதற்குத் திரும்பினால் வெற்றி என்பதை எங்கும் காணோம். முத்திரைகளும் மூன்றல்ல, ஐந்து. பலகையில் ஏழு இடங்களில் சத்திரம் வரையப்பட்டிருக்கிறது. புத்தகம் முழுவதையும் புரட்டினாலும் சத்திரத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. கறுப்பு நிறத்தில் பன்னிரண்டு இரவு வில்லைகள் பையில் இருக்கின்றன. அவற்றை எப்போது வைப்பது, யார் எடுப்பது, இரவு வந்துவிட்டால் பயணி நடக்கலாமா அல்லது தங்க வேண்டுமா என்று கேட்டால் புத்தகம் வாயே திறக்கவில்லை. டிராகன் விழித்துக்கொண்டால் அருகிலுள்ள சத்திரத்தில் ஒதுங்குமாறு அட்டை சொல்கிறது. இரண்டு கட்டம் பின்வாங்குமாறு புத்தகம் சொல்கிறது. அப்படிப் பின்வாங்கினால் பெரும்பாலும் சதுப்பு நிலத்தில்தான் கால் வைக்க வேண்டியிருக்கிறது, படகு அட்டை இல்லாதவர் அங்கே அடுத்த முறையை இழக்கிறார், அதற்குள் டிராகன் மறுபடியும் விழித்துவிடுகிறது.

எல்லாவற்றிலும் மோசமானது சாபக் காடு. கட்டுச்சோற்று வில்லை இல்லாத பயணி காட்டிலிருந்து முந்தைய ஊருக்குத் திரும்ப வேண்டும் என்பது புத்தகத்தின் 8ஆம் பக்கத்திலுள்ள விதி. ஊருக்குள் நுழைபவர் ஒரு கட்டுச்சோற்றை வரியாகச் செலுத்த வேண்டும், இல்லாதவர் வந்த கட்டத்துக்கே திரும்ப வேண்டும் என்பது பலகையிலேயே அச்சிடப்பட்டுள்ள விதி. கையில் சோறில்லாதவருக்கு இரண்டும் சேர்ந்து என்ன கதியைத் தரும் என்பதைத் தங்கள் அலுவலகத்தில் யாராவது ஒருமுறை ஆடிப் பார்த்தாலே விளங்கும். என் பேத்தியின் பயணி காட்டுக்கும் ஊருக்கும் இடையே போய்வந்துகொண்டே இருந்தாள். கடைக்காரர் சேவை முகப்பைக் கைகாட்ட, சேவை முகப்பு கடையைக் கைகாட்ட, பின்னர் நானும் அப்படித்தான் அலைந்தேன்.

இந்த ஆட்டத்தை வெறும் பொழுதுபோக்குக்காக நான் வாங்கவில்லை என்பதையும் தாங்கள் அறிய வேண்டும். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்துப் பரமபதம் ஆடுவது என் தாத்தா காலத்திலிருந்து எங்கள் குடும்பத்தில் வரும் வழக்கம். பாம்பும் ஏணியும் அலுத்துவிட்டன என்று பேரப்பிள்ளைகள் முணுமுணுத்ததால், இம்முறை புதிதாக ஒன்றை ஆடலாம் என்று நானே முன்வந்து வாங்கினேன். என் தங்கை குடும்பத்தார் ஜொகூர் பாருவிலிருந்து கடற்பால நெரிசலையெல்லாம் தாண்டி வந்திருந்தனர். சிராங்கூன் சாலையில் உள்ள ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் ஆலயத்துக்குச் சென்று வந்தபின், கூடத்தில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து தங்கள் பலகையை விரித்தோம். முதல் சுற்று முடிவதற்குள் பெரியவர்களுக்கிடையே வாக்குவாதம் தொடங்கிவிட்டது. எந்த வாயில் என்று என் மகன் கேட்டான். இரவு வில்லையை என்ன செய்வது என்று மருமகள் கேட்டார். என் தங்கை கணவரோ, “மச்சான், பேசாமல் அந்தப் பழைய பரமபதத்தையே எடுங்களேன்” என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். விடியும்வரை விழித்திருக்க வேண்டிய வீட்டில் நள்ளிரவுக்கு முன்பே குறட்டைச் சத்தம் கேட்டது. மூன்று தலைமுறையாக முறியாத விரதத்தைத் தங்கள் விதிப்புத்தகம் ஒரே இரவில் முறித்துவிட்டது. இந்த இழப்பைத் தாங்கள் எந்தக் கணக்கில் ஈடுகட்டப் போகிறீர்கள்?

மறுநாள் கடைக்குச் சென்றேன். அங்கிருந்த பெண் பண்பாகவே பேசினார், ஆனால் நெகிழியுறை பிரிக்கப்பட்ட பெட்டியை மாற்றித் தர இயலாது என்றார். உறையைப் பிரிக்காமல் உள்ளே இருக்கும் புத்தகம் எந்தப் பதிப்பு என்று அறியும் வித்தை எனக்குத் தெரியாது. உபியிலுள்ள சேவை முகப்புக்குப் போனால் சரியான புத்தகம் உடனே கிடைக்கும் என்று அவர் உறுதி கூறினார். அதை நம்பித்தான், வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்த ஒரு நாளில், பெட்டி நனையாதிருக்க இரண்டு பைகளுக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். பூன் லேயிலிருந்து பாய லேபார் வரை கிழக்கு மேற்கு ரயில் பாதை, அங்கே மாறி மெக்பர்சன் வரை வட்டப் பாதை, மீண்டும் மாறி உபிக்கு டௌன்டவுன் பாதை என்று, முழங்கால் வலிக்காரனான நான் தீவின் மேற்கிலிருந்து கிழக்குக்குச் சென்றேன். முகப்பில் மதிய உணவு இடைவேளை என்ற பலகை தொங்கியது. காத்திருந்தேன்.

பிறகு அந்த இளைஞர் வந்தார். அவர் அணிந்திருந்த பெயர் அட்டையில் இருந்த பெயரை நான் குறித்து வைத்திருக்கிறேன். இங்கே எழுதவில்லை, தாங்கள் கேட்டால் தருவேன். காதில் மாட்டியிருந்த கருவியைக்கூட எடுக்காமல் நான் சொல்வதைப் பாதி கேட்டார். பலகையை விரித்துக் காட்ட முற்பட்டபோது கையை நீட்டித் தடுத்தார். பின்னர் அவர் சொன்ன வாக்கியத்தை அப்படியே தருகிறேன்: “அங்கிள், இது கற்பனை விளையாட்டுதானே? விதியையும் நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்.”

ஐயா, அவர் என்னை அங்கிள் என்று அழைத்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த வாக்கியத்தின் மற்ற ஒவ்வொரு சொல்லிலும் எனக்கு வருத்தம் உண்டு. விதியை நானே கற்பனை செய்துகொள்வதாக இருந்தால் 129 வெள்ளி 90 காசு எதற்கு? ஒரு வெள்ளைத் தாளும் இரண்டு பகடையும் போதுமே! 1759ஆம் ஆண்டிலேயே, ஐரோப்பா வழியாகப் பயணம் செல்வதாக அமைந்த ஆட்டம் ஒன்றை இங்கிலாந்தில் வெளியிட்ட ஜான் ஜெஃப்ரிஸ், விதிகளை வரைபடத்தின் இரு பக்கங்களிலும் அச்சிட்டே கொடுத்திருக்கிறார். பலகையும் விதியும் ஒன்றையொன்று விட்டுப் பிரியவே வழியில்லை. அவருக்கு இருந்த முன்யோசனை, அவருக்குப் பின் இத்தனை தலைமுறை கழித்து ஆட்டம் விற்கும் தங்களுக்கு ஏன் இல்லை? கற்பனை உலகத்துக்குத்தான் விதி அதிகமாகத் தேவை. பூன் லேயிலிருந்து பாய லேபாருக்கு எப்படிப் போவது என்பது எனக்குத் தெரியும்; சாபக் காட்டிலிருந்து கிழக்கு வாயிலுக்கு எப்படிப் போவது என்பதைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

அந்த இளைஞரைத் தண்டிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவருக்கு முறையாகப் பயிற்சி அளிக்காதவர்களைத்தான் கேட்கிறேன்.

வரிசை பார்த்து எழுதும் பொறுமையைத் தங்கள் ஊழியர்களே தீர்த்துவிட்டதால், விட்டுப்போன சிலவற்றை இங்கே சேர்க்கிறேன். உபிக்குச் செல்வதற்கு முன்பே தங்கள் இணையத்தளத்தின் புகார்ப் படிவத்தை நிரப்பியிருந்தேன். பொருளின் வரிசை எண்ணைக் குறிப்பிடாமல் அந்தப் படிவம் நகர மறுத்தது. பலகை ஆட்டத்துக்கு வரிசை எண் ஏது? பெட்டியின் பட்டைக்குறியீட்டு எண்ணை எழுதி அனுப்பினேன். வரிசை எண் செல்லாததால் புகார் மூடப்பட்டது என்று பதில் வந்தது. தொலைபேசியில் பேசியவர், புதிய விதிகளை இணையத்தளத்திலிருந்து பதிவிறக்கம் செய்துகொள்ளச் சொன்னார். பதிவிறக்கினேன், அதே முதற்பதிப்பு, அதே நுழைவாயில், அதே மூன்று முத்திரைகள். பின்னர், தவறுக்கு வருந்துவதாகவும் சரியான பொருளை அஞ்சலில் அனுப்பியிருப்பதாகவும் ஒரு மின்னஞ்சல் வந்தது. மனம் குளிர்ந்து நன்றிக் கடிதம்கூட எழுதினேன். உறை வந்து சேர்ந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு பகடைகள் இருந்தன. நான் கேட்டது விதிப்புத்தகம். பகடை வேண்டும் என்று நான் எந்த மின்னஞ்சலிலும் எழுதவில்லை. என் பகடைகள் நலமாகவே இருக்கின்றன.

நான் சண்டைக்காரன் அல்லன். பள்ளி அலுவலகம் ஒன்றில் நெடுங்காலம் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன்; படிவங்களும் நடைமுறைகளும் எனக்குப் புதியவை அல்ல, தாமதம் நேர்வதையும் நான் அறிவேன். தங்கள் ஆட்டத்தின் ஓவியங்கள், குறிப்பாகப் பனிமலையும் மிதக்கும் தீவும், மிகவும் அழகாக இருக்கின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பேரப்பிள்ளைகள் இன்னும் அந்தப் பலகையை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஆடத்தான் முடியவில்லை.

ஆனால் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்க 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பிலுள்ள லெமன் சட்டம் தங்கள் சட்டப் பிரிவுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். வாங்கிய ஆறு மாதத்துக்குள் பொருளில் குறை தென்பட்டால், அது விற்கும்போதே இருந்த குறையாகவே கருதப்படும். அப்படி இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு விற்றவரையே சாரும். பழுது நீக்கித் தரவோ மாற்றித் தரவோ முடியாவிட்டால், விலையில் ஒரு பகுதியையோ முழுத் தொகையையோ திரும்பக் கேட்க வாங்கியவருக்கு உரிமை உண்டு. இக்கடிதத்துக்கும் பதில் இல்லையென்றால் நான் முதலில் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தில் புகார் அளிப்பேன், அதன்பின் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குச் செல்வேன். அங்கே வழக்கறிஞர்களுக்கு இடமில்லை. என்னைப் போன்ற தனிநபர் 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கையைப் பத்து வெள்ளிக் கட்டணத்தில் பதிவு செய்யலாம். தங்கள் தரப்பில் யார் வந்தாலும் சரி, மேசைமேல் பலகையை விரித்து, கட்டுச்சோறு இல்லாத ஒரு பயணியைச் சாபக் காட்டில் வைத்து, இந்தப் புத்தகத்தின்படி அவளை வெளியே கொண்டுவாருங்கள் என்று நடுவர் முன்னிலையில் கேட்பேன்.

அம்மன்றத்தின் வழக்கமான உச்சவரம்பான 20,000 வெள்ளியும் எங்கள் குடும்பம் பட்ட வேதனைக்கு ஈடாகாது என்று என் மனம் சொல்கிறது. ஆயினும் நான் பேராசைக்காரன் அல்லன். இரண்டாம் பதிப்புக்குரிய முழுமையான விதிப்புத்தகத்தை அச்சுப் பிரதியாக என் வீட்டு முகவரிக்கு அனுப்பிவைக்க வேண்டும். அதே புத்தகத்தை இணையத்தளத்திலும் ஏற்ற வேண்டும். இதே பெட்டியை வாங்கிய மற்றவர்களும் இரவு வில்லைகளைக் கையில் வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டுதான் இருப்பார்கள். முகப்பில் நான் கேட்க நேர்ந்த அந்த வாக்கியத்துக்கு எழுத்துபூர்வமான வருத்தம் தெரிவிக்கப்பட வேண்டும். மழையில் பெட்டியைச் சுமந்து திரும்ப இயலாமல் உபியிலிருந்து வீட்டுக்கு வந்த டாக்சிக் கட்டணத்தையும் தந்தால் பெருந்தன்மை என்று கொள்வேன். புத்தகத்தை அனுப்ப இயலாதென்றால் பெட்டியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுத் தொகையையும் கொடுத்துவிடுங்கள். அதற்கு மாறாகக் கடையில் செலவழிக்கும் பற்றுச்சீட்டு எதையும் அனுப்ப வேண்டாம்.

இக்கடிதம் கிடைத்த 14 நாள்களுக்குள் தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். பதில் ஒரு மனிதர் கைப்பட எழுதியதாக, முடிந்தால் அந்த ஆட்டத்தை ஒருமுறையாவது ஆடிப் பார்த்தவர் எழுதியதாக இருக்கட்டும்.

ரசீது, பலகையிலும் விதிப்புத்தகத்திலும் பதிப்பு விவரம் தெரியும் புகைப்படங்கள், மூடப்பட்ட புகாரின் நகல், டாக்சி ரசீது ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
பூன் லே, சிங்கப்பூர்.

பின்குறிப்பு: தாங்கள் அனுப்பிய இரண்டு பகடைகளும் பயன்படுத்தப்படாமல் என்னிடம் பத்திரமாக உள்ளன. வேண்டுமானால் ஆள் அனுப்பிப் பெற்றுக்கொள்ளலாம். அவற்றைக் கொடுப்பதற்காக நான் உபிக்கு வருவதாக இல்லை.