பெயர் எழுதாத ஓர் அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ளவர்களே,

வீட்டுக்கு வந்துவிட்டேன். காய்ச்சல் விட்டுவிட்டது, சத்திரசிகிச்சைக் காயமும் ஆறி வருகிறது. நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். கை நடுங்காமல் எழுத முடிந்ததும் முதலில் எழுதுவது இந்த நன்றியைத்தான்.

கொழும்பில் நான் கிடந்த ஆஸ்பத்திரி விடுதியில் தரை துடைத்து, வாளி எடுக்கும் சிற்றூழியர் ஓர் அக்கா. அவருக்குச் சிங்களம் மட்டும், எனக்குத் தமிழ் மட்டும். நான் திருநங்கை. அடையாள அட்டையில் இன்னும் 'ஆண்' என்று இருப்பதால் என்னை ஆண்கள் விடுதியில் போட்டிருந்தார்கள். அங்கே மலசலகூடக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. முதல் இரவு நான் உள்ளே இருக்கும்போது வெளியே சிரிப்புச் சத்தம். அதன்பிறகு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டேன், நிறையக் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தும்.

மூடி திறக்காத தண்ணீர்ப் போத்தலைக் கவனித்தவர் அந்த அக்கா ஒருவர்தான். போத்தலைக் காட்டினார், மலசலகூடத்தைக் காட்டினார், என் முகத்தைப் பார்த்தார். நான் அழுதுவிட்டேன். சட்டைப் பையிலிருந்து ஒரு திறப்பை எடுத்து, சேலைன் போத்தலைத் தானே உயர்த்திப் பிடித்தபடி, பெண் ஊழியர்களின் மலசலகூடத்துக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார். நான் வரும்வரை கதவுக்கு வெளியே காவல் நின்றார். வேலை முடிந்து போகும்போது இரவு வேலைக்கு வந்த பெண்ணிடம் என்னைக் காட்டித் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போனார். மேலிடத்துக்குத் தெரிந்தால் அவர் வேலைக்குக் கேடு வரலாம், அதனால்தான் பெயரையும் இடத்தையும் எழுதவில்லை. அக்கா, அன்றைக்குத்தான் நான் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தேன்.

என் வலியைச் சிங்களத்தில் எடுத்துச் சொன்ன மருத்துவ மாணவித் தங்கைக்கும், இரத்தம் கொடுத்த வெள்ளவத்தைத் தம்பிமாருக்கும், காசு சேர்த்து அனுப்பிய கிளிநொச்சித் தோழிகளுக்கும், இரவெல்லாம் தொலைபேசியில் கூட இருந்த அம்மாவுக்கும் என் நன்றி.

பாலின அங்கீகாரச் சான்றிதழ் 2016 இல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கையோடு வந்தது. மனநல மருத்துவரின் கையெழுத்தோடு அது கிடைத்தால் பிறப்புச் சான்றிதழை மாற்றலாம், பிறகு அடையாள அட்டையையும் மாற்றலாம். ஆனால் சிறு வயது முதல் மனதில் கிடப்பதை அந்த மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எந்த மொழியில் சொல்வது? தமிழும் ஆட்சி மொழி என்று அரசியலமைப்பில் 1987 இல் எழுதியாயிற்று. நடு இரவில் எங்கே வலிக்கிறது என்று தமிழில் கேட்க அந்த விடுதியில் ஒருவரும் இல்லை. சிங்களத் திருநங்கை ஒருத்திக்கு இந்த நாட்டில் வேதனை குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். அவளுக்கு அதை வாய்விட்டுச் சொல்ல மொழியாவது இருக்கிறது.

சான்றிதழுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். சிங்களமும் படிக்கப் போகிறேன். வன்னியிலிருந்தோ மலையகத்திலிருந்தோ சிகிச்சைக்குக் கொழும்பு போகும் திருநங்கை, திருநம்பி யாராக இருந்தாலும் எனக்குச் சொல்லுங்கள். கூட வருகிறேன், வெளியே காவலும் நிற்கிறேன்.