சங்க ஆண்டறிக்கை: சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அனைவருக்கும் வணக்கம். புரட்டாசி பூசையும் தைப்பூசக் காவடியும் வழக்கம்போல் நல்லபடியாக நடந்தன, வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். நான் பேச விரும்புவது நாம் புதிதாக நடத்திய மாலை நேரக் கணக்கு நிகழ்ச்சியைப் பற்றி.

தமிழ் வகுப்புப் பிள்ளைகளிடம் ஆஸ், ராஜா, ராணி, ஜாக்கி என்று 16 சீட்டுகளைக் கொடுத்து, நாலுக்கு நாலாக அடுக்கச் சொன்னோம். எந்த வரிசையிலும் எந்தப் பத்தியிலும் ஒரே படமோ ஒரே சின்னமோ இரண்டு தடவை வரக்கூடாது. சங்கக் கூடத்தில் சீட்டா என்று முகம் சுளித்த பெரியவர்களும் அப்புறம் பாயில் உட்கார்ந்து அடுக்கினார்கள்.

இப்படி 4-க்கு 4 அடுக்க முடிகிறது. ஆறு படம், ஆறு சின்னம் என்று வைத்துக்கொண்டு 6-க்கு 6 அடுக்க முடியாது. 10, 14, 18 என்று போகும் எண்களுக்கும் முடியவே முடியாது என்று 1782-இல் சுவிட்சர்லாந்தில் பிறந்த கணித மேதை ஆய்லர் கருதினார், அவ்வளவு பெரிய மேதை சொன்னதை 177 வருடம் யாராலும் அசைக்க முடியவில்லை. 1959-இல் அசைத்தவர்களில் ஒருவர் நம் இந்தியாவின் சாகர் ஊரில் 1917-இல் பிறந்த ஸ்ரீகண்டே. அமெரிக்காவின் சேப்பல் ஹில்லில் தன் ஆசிரியர் ஆர். சி. போஸுடன் சேர்ந்து அவர் 22-க்கு 22 சதுரத்தைக் கட்டினார், அமெரிக்கக் கணித அறிஞர் பார்க்கர் 10-க்குக் கட்டினார், பிறகு மூவரும் சேர்ந்து 6-க்கு மேல் ஆய்லர் சொன்ன எல்லா எண்களுக்கும் முடியும் என்று நிரூபித்தார்கள். நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் போட்ட செய்தி அது! ஸ்ரீகண்டே பெயரில், 16 புள்ளிகளைக் கோடுகளால் இணைக்கும் ஒரு கணித வரைபடமும் இருக்கிறது. மும்பைப் பல்கலைக்கழகத்தில் கணிதத் துறைத் தலைவராக இருந்தவர், 2020-இல் 102 வயதில் காலமானார்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இந்தச் சதுரம் வயலுக்கு வேண்டியது. நிலத்தில் ஒரு பக்கம் வளம் அதிகம், ஒரு பக்கம் குறைவு, அதனால் எந்தக் கரும்பு ரகம் நன்றாக வருகிறது என்று சரியாகப் பார்க்க ஒவ்வொரு ரகத்தையும் ஒவ்வொரு வரிசையிலும் பத்தியிலும் ஒரு தடவை நடுவார்கள். 1860-இல் சென்னையிலிருந்து டிரூரோ கப்பலில் வந்திறங்கியவர்கள் தொடங்கி நம் பாட்டன் பூட்டன் கரும்பு வெட்டிய மண் இது. கரும்பென்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வரும் வருடம் இதை மாதம் ஒரு சனிக்கிழமை நடத்த நிர்வாகக் குழு ஒப்புக்கொண்டிருக்கிறது. கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த அக்கா, அண்ணன் யாராக இருந்தாலும் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

செயலாளர்