பியூஸுக்குத் தெரியாத ஃபால்ட்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த பம்ப்செட் பாதுகாப்புக் கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் எர்த் குழியை (கசிகிற கரண்டை மண்ணில் இறக்கும் குழியை) ஒழுங்காகப் போட்டு, பியூஸைச் சரியான அளவில் கட்டிவிட்டால் ஷாக் பயம் இல்லை என்கிற இடத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. மீட்டரும் கிணறும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலே அது சந்தேகம்தான். எங்கள் பக்கம் மீட்டர் ரோட்டோரம் இருக்கும், போர்வெல் நாலு காடு தள்ளி இருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன் கோடையில் ஒரு தோட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். மோட்டார் நன்றாகத்தான் ஓடியது. "ரெண்டு நாளா மாடு தொட்டிப் பக்கமே போக மாட்டேங்குதுங்க, தண்ணி காட்டினா பின்னாடி இழுக்குது" என்றார் தோட்டக்காரர். தொட்டிக்குப் பக்கத்தில்தான் மோட்டார் ரூமின் எர்த் குழி. மோட்டாரை நிறுத்திவிட்டு எர்த் கம்பியில், ஒயரைக் கவ்வி கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரைப் போட்டேன். 5 ஆம்பியருக்கு மேல் காட்டியது. குழியைச் சுற்றி மண் வெடித்துக் கிடந்தது. மெயினை இறக்கிவிட்டுத் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுவென்று சூடு. இரும்பு ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் கேபிள் நுழையும் ஓட்டையில் இன்சுலேஷன் தேய்ந்து, ஒரு பேஸ் (கரண்ட் வரும் ஒயர்) பெட்டியில் தொட்டுக்கொண்டிருந்தது.

பியூஸ் ஏன் போகவில்லை? கரண்ட் போகிற வழியில் இருக்கும் தடையைக் கூட்டிப் பாருங்கள். 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் 400 மீட்டருக்கு ஏறக்குறைய 2 ஓம். காய்ந்த குழி 40 ஓம் என்று வையுங்கள். அப்புறம் டிரான்ஸ்பார்மர் எர்த் ஒரு 2 ஓம். 240 வோல்ட்டை இந்த 44-ஆல் வகுத்தால் ஐந்தரை ஆம்பியர்தான் வரும். மெயினில் இருந்ததோ 32 ஆம்பியர் பியூஸ். அது வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். ஆனால் அந்த ஐந்தரை ஆம்பியர் 40 ஓம் குழியில் இறங்கும்போது பெட்டியின் மேல் 220 வோல்ட் நிற்கிறது. குழி சூடாகிக் காயக் காய ஓம் இன்னும் ஏறும். மனித உடம்புக்கு 30 மில்லி ஆம்பியருக்கு மேல் போனாலே ஆபத்து. மாடு நம்மைவிட உஷார், அவ்வளவுதான்.

இதற்கு மருந்து ஆர்.சி.சி.பி. என்கிற பாதுகாப்பு சுவிட்ச். கேபிளில் போகிற கரண்டும் வருகிற கரண்டும் சரிக்குச் சரி இருக்கிறதா என்று பார்த்து, கொஞ்சம் மண்ணில் இறங்கினாலும் லைனை வெட்டிவிடும். மத்திய மின்சார ஆணையத்தின் 2010 பாதுகாப்பு விதிமுறையிலேயே எர்த் லீக்கேஜ் (மண்ணில் கரண்ட் கசிவது) பாதுகாப்பு பற்றி இருந்தது. ஆனால் மாட்டிய இடங்களில் பாதிப் பேர் ஒரே மாதத்தில் ஒயரை நேராக இழுத்து அதைப் பைபாஸ் செய்துவிடுகிறார்கள். "சும்மா சும்மா விழுதுங்க" என்பார்கள், அதாவது தானாக ஆஃப் ஆகிவிடுகிறதாம்.

அது சும்மா விழவில்லை. காரணம் இரண்டு. முதலாவது, வீட்டுக்கு வாங்குகிற 30 மில்லி ஆம்பியர் சாதனத்தை இங்கே கொண்டுவந்து மாட்டுவது. நீளக் கேபிளில், அதுவும் மழைக்காலத்தில் ஜாயிண்டுகள் நனைந்தால், இயல்பான கசிவே அந்த அளவுக்கு வந்துவிடும். மோட்டாருக்கு 100 மில்லி ஆம்பியர், நாலு போல் (மூன்று பேஸும் நியூட்ரலும் சேர்ந்து போகிற) சாதனம் வாங்க வேண்டும். இரண்டாவது, யாரும் வெளியே சொல்லாத விஷயம். மோட்டார் ரூமுக்கு நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) வராது, மூன்று பேஸ்தான் வரும். ராத்திரி வெளிச்சத்துக்கு ஒரு பேஸையும் எர்த் பைப்பையும் பிடித்து 60 வாட் குண்டு பல்பு போட்டுவிடுவார்கள். நானே சின்ன வயதில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பல்பு மண்ணில் இறக்குவது 250 மில்லி ஆம்பியர். ஆர்.சி.சி.பி. விழாமல் என்ன செய்யும்? பல்புக்கு நியூட்ரலை ஆர்.சி.சி.பி.யின் நாலாவது போல் வழியாக இழுங்கள், இல்லையென்றால் சோலார் விளக்கு ஒன்று வாங்கி வையுங்கள்.

ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு வந்த படத்தில் பாதுகாப்புப் பெட்டி எல்லாமே கிணற்றடியில் வரையப்பட்டிருந்தது. அடுத்த முறை ஆர்.சி.சி.பி.யை மீட்டருக்குப் பக்கத்தில் வரையச் சொல்லுங்கள். கிணற்றடியில் மாட்டினால், நடுவில் மண்ணுக்குள் கிடக்கும் 400 மீட்டர் கேபிளில் எங்கே அடிபட்டாலும் அதற்குத் தெரியாது.

இப்படிக்கு,
முப்பது வருட வயர்மேன் ஒருவர்,
பல்லடம் வட்டம்