கர்ப்பப்பையை எடுப்பதற்கு முன்னால்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் மருத்துவப் பகுதியில் ஃபைப்ராய்டு எனப்படும் கர்ப்பப்பைக் கட்டி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஃபைப்ராய்டு என்றாலே புற்றுநோய் என்று பயப்படாதீர்கள் என எழுதியிருந்தது நல்ல விஷயம். ஆனால் அறிகுறிகளைச் சொல்லி முடித்த கையோடு கர்ப்பப்பை அகற்றத்துக்குத் தாவிவிட்டார்கள், நடுவில் இருக்கிற வழிகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு வரி. எனக்கும் இந்தக் கட்டி உண்டு, அதனால்தான் உறுத்தியது.

ஸ்கேன் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எத்தனை சென்டிமீட்டர் என்றுதான் எல்லோரும் பார்க்கிறோம். அளவைவிட அது உட்கார்ந்திருக்கும் இடம் முக்கியம். உட்குழிக்குள் துருத்திக்கொண்டிருக்கும் சின்னக் கட்டி ரத்தமாகக் கொட்டவைக்கும், வெளிப்பக்கம் வளர்ந்த பெரிய கட்டி இருப்பதே சிலருக்குத் தெரியாது. உள்ளே துருத்தியதை வயிற்றில் கீறலே போடாமல், பிறப்புறுப்பு வழியாகக் கருவியை விட்டுச் செய்யும் ஹிஸ்டிரோஸ்கோபியில் சீவி எடுத்துவிடலாம், பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். மற்ற இடங்களில் இருந்தால் பல நேரம் வயிற்றில் சின்னத் துளைகள் போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோபியில் கட்டியை மட்டும் எடுத்துத் தையல் போடுகிறார்கள்.

கட்டுரையில் பெயர்கூட வராதது எம்போலைசேஷன். 1995லேயே பிரான்ஸ் மருத்துவர்கள் வெளியிட்ட முறை இது. தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள ரத்தக்குழாய் வழியாக, ஆஞ்சியோ செய்வது போலவே, மெல்லிய குழாயைக் கர்ப்பப்பைத் தமனி வரை கொண்டுபோய் நுண்துகள்களை விட்டு அடைத்துவிடுவார்கள்; ரத்தம் கிடைக்காமல் கட்டி மெதுவாகச் சுருங்கும். முதல் நாள் வலி பலமாகவே இருக்கும், அதை மறைக்கக் கூடாது. நெதர்லாந்தில் கர்ப்பப்பையை எடுக்க வேண்டிய நிலையில் இருந்த பெண்களுக்கு இதைச் செய்து பத்து வருடம் கவனித்ததில், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு அந்த ஆபரேஷனே தேவைப்படவில்லை. மீதிப் பேருக்குத் தேவைப்பட்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும். 2020ல் வந்த பிரிட்டன் ஆய்வு ஒன்றில், கட்டியை மட்டும் எடுத்துக்கொண்டவர்களின் வாழ்க்கைத்தரம் எம்போலைசேஷன் செய்தவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே முன்னேறியிருந்தது. குழந்தை வேண்டும் என்பவர்களுக்கும் பொதுவாகக் கட்டியை மட்டும் எடுப்பதைத்தான் முதலில் யோசிக்கிறார்கள். மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்கியவர்கள் மாத்திரை சாப்பிட்டோ, கர்ப்பப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் சாதனத்தை வைத்துக்கொண்டோ சமாளிக்கலாம், நின்ற பிறகு கட்டி பெரும்பாலும் தானாகவே சுருங்கும்.

இந்த வாழ்க்கைத்தரத்தை அளக்க 37 கேள்விகள் கொண்ட ஒரு படிவமே இருக்கிறது. வெளியூர் போகப் பயமா, துணியில் கறை படுமோ என்று கவலையா, படுக்கை விரிப்பைப் பற்றி யோசனையா, உடுத்தும் உடையைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறீர்களா என்றெல்லாம் கேட்கும். படித்தபோது அட, இதைத்தானே நான் வருடக்கணக்கில் செய்துகொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. நான் பார்த்த மருத்துவர்களில் ஒருவர்கூட இதில் ஒன்றையும் கேட்டதில்லை. ஹீமோகுளோபின் எவ்வளவு, குழந்தைகள் எத்தனை, அவ்வளவுதான். இரண்டாவது பதிலைச் சொன்னதும், அப்புறம் எடுத்துவிடலாமே என்றார்கள்.

கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டவர்களைக் குறை சொல்லவில்லை. கட்டி திரும்ப வரவே வராது என்ற உத்தரவாதம் அதில் மட்டும்தான் உண்டு, பலருக்கு அதுவே நிம்மதி. ஆனால் எம்போலைசேஷன் செய்பவர் மகப்பேறு மருத்துவர் இல்லை, எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்தபடியே குழாய் வழியாகச் சிகிச்சை செய்யும் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட். வேறு துறை என்பதாலேயே பல நோயாளிகளின் காதுக்கு அது வந்து சேர்வதில்லை.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது அந்தத் துறை மருத்துவர் ஒருவரிடமும் தயவுசெய்து பேசுங்கள். யாருக்கு அது சரிப்படாது என்பதையும் அவரிடமே கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்