பாட்டில் வேண்டாம் என்றவன்

அன்புள்ள மகனுக்கு,

சைக்கிள் பந்தய அணிக்கு மேலாளர் வேலைக்கு ஒப்புக்கொண்டாய் என்று அப்பா சொன்னார். பன்னிரண்டு வருடம் அடுத்தவர் ஜெயிப்பதற்காகத் தண்ணீர் பாட்டில் சுமந்தவன், இனி வீரர்கள் பின்னால் வரும் அணிக் காரில் உட்கார்ந்து அதே பாட்டிலை ஜன்னல் வழியே நீட்டப்போகிறாய். எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது.

பந்தயத்தில் காறை எலும்பு முறிந்த அன்று, காரில் இருந்த மேலாளரிடம் ரேடியோவில் "ஒன்றுமில்லை, ஓட்டுகிறேன்" என்றாய். ராத்திரி போனில் என்னிடமும் அதே பாட்டு. நான் நம்பவில்லை, உன் மேலாளர் நம்பினார். நம்புவது அவருக்கு வசதியாக இருந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

சிரில் கிமார் கதையை நீதான் எனக்குச் சொன்னாய். 1972 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில், முதலிடத்தில் இருப்பவருக்கான மஞ்சள் ஜெர்சியைச் சில நாள் போட்ட மனிதர், பாரிஸுக்கு இரண்டு நாள் இருக்கும்போது முழங்கால் வலி தாங்காமல் விலகினார். புள்ளிக் கணக்கில் முன்னால் இருந்ததால் அவரிடம் இருந்த பச்சை ஜெர்சி, அந்த வருடம் பட்டம் வென்ற எடி மெர்க்ஸுக்குப் போனது. மெர்க்ஸ் அதை அவரிடமே கொடுத்துவிட்டார். (மெர்க்ஸை எனக்குப் பிடித்துப்போனது அந்த ஒரு காரியத்தால்தான்.) 1976இல், 29 வயதில், கிமார் மேலாளராகக் காரில் உட்கார்ந்தார். பைரனீஸ் மலையில் தன் அணி வீரர் லூசியன் வான் இம்பேயை அட்டாக் பண்ண, அதாவது மற்றவர்களை விட்டு முன்னால் பாய, சொன்னார். வான் இம்பே தயங்கினார். போகாவிட்டால் காரால் இடித்துத் தள்ளிவிடுவேன் என்று கிமார் கத்தினாராம். வான் இம்பே போனார். அந்த வருடப் பட்டமும் அவருக்கே. அப்புறம் அவர் அணியில் ஓட்டிய இனோவோடு நான்கு பட்டம், ஃபினியோனோடு இரண்டு. மேலாளராகக் கிமார் கணக்கில் மொத்தம் ஏழு.

காரால் இடிக்கும் இடம் வந்தால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். அடுத்த சீசனிலேயே வான் இம்பே வேறு அணிக்குப் போனதை மட்டும் ஒரே மூச்சில் தாண்டிவிடுவாய்.

தயங்குகிறவனை விரட்ட உனக்குத் தெரியும். வலியை மறைக்கிறவன் விஷயம் வேறு. சைக்கிளில் மாட்டிய பவர் மீட்டர் எவ்வளவு பலமாக மிதிக்கிறான் என்று வாட் கணக்கைச் சொல்லும், எலும்பைச் சொல்லாது. உன் பையன்களும் உன்னைப் போலவே பொய் சொல்வார்கள், அதுவும் நன்றாகவே சொல்வார்கள். உன் எலும்பு முறிந்த அன்று டிவியில் நான் என்ன பார்த்தேன் தெரியுமா? கார் பக்கத்தில் வந்து பாட்டிலை நீட்டியது. அத்தனை வெயிலில் நீ வேண்டாம் என்று தலையாட்டினாய். ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுத்தால் மறு கை தாங்காது, அதனால்தான்.

முதல் பந்தயம் எப்போது என்று எழுது. காரில் உட்காருவதற்கு முன்னால் சாப்பிடு.

அம்மா