ஸ்கேன் ரிப்போர்ட் பார்த்தேன்

தம்பி,

ரிப்போர்ட் வந்தது. எதற்காக ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள் என்று மேலே ஒரு வரி இருக்குமே, அதை வெட்டிவிட்டு அனுப்பியிருக்கிறாய். சரி, கேட்கவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் சொல்லச் சொன்னாய், சொல்கிறேன்.

வயிற்றுக்குள் பெரிய ரத்தக்குழாயை ஒட்டி நெறி கட்டியிருக்கிறது, சிலவற்றில் நடுப்பகுதி செத்துப்போயிருக்கிறது. மண்ணீரலில் மிளகு தூவியது மாதிரி கரும்புள்ளிகள். கொஞ்சம் நீரும் கோத்திருக்கிறது. தாம்பரத்தில் ஹெச்.ஐ.வி. வார்டில் வேலை பார்த்தபோது இந்த மூன்றையும் சேர்த்து நிறையப் பார்த்திருக்கிறேன். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும், சளியில் ஒன்றும் அகப்படாது, ஆனால் எதிர்ப்புச் சக்தி அணுக்களின் கணக்கு, அதான் சிடி4, 200-க்குக் கீழே, சிலருக்கு 50-க்கும் கீழே கிடக்கும். எதிர்ப்புச் சக்தி அவ்வளவு இறங்கிவிட்டால் டி.பி. நுரையீரலோடு நிற்பதில்லை. ஆனால் லிம்போமா என்கிற நெறிப் புற்றுநோயிலும் படம் கிட்டத்தட்ட இப்படி வரலாம், டி.பி.யின் சொந்தக்காரக் கிருமி ஒன்று இருக்கிறது, அதிலும் வரலாம். அதனால் ஸ்கேனை மட்டும் நம்பாமல் நெறியில் ஊசி வைத்து எடுத்து, டி.பி. கிருமியைக் கண்டுபிடிக்கிற சிபிநாட் டெஸ்டுக்கு அனுப்பச் சொல். ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தார்களா? எல்லாம் என்றால் எல்லாம்.

உன் அத்தை பார்க்கிறவர்களிடமெல்லாம் உன் புரமோஷனைப் பற்றித்தான் பேசுகிறாள். எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பொங்கலன்று வீடியோ காலில் கேமராவை அணைத்து வைத்துவிட்டு நெட் சரியில்லை என்றாயே, காலமெல்லாம் நர்ஸ் வேலை பார்த்தவளிடமா?

2004 ஏப்ரலில் இலவச மருந்து வந்தது. அதற்கு முன்னால் அந்த வார்டில் பார்த்ததை எழுத மனசில்லை. வந்த பிறகு, ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தவர்கள் பலர் தாங்களே பஸ் ஏறி வந்து மாத்திரை வாங்கிக்கொண்டு போனார்கள், எங்களுக்குக் கல்யாணப் பத்திரிகைகூட வைத்தார்கள். சும்மா ஞாபகம் வந்தது, எழுதினேன்.

மருந்து ஆரம்பித்தால் நிறுத்தாதே. சில வாரத்தில் நெறி இன்னும் வீங்கலாம், காய்ச்சல் திரும்ப வரலாம், எதிர்ப்புச் சக்தி எழுந்து கிருமியோடு மல்லுக்கு நிற்கிற நேரம் அது. உடனே டாக்டரிடம் போ, ஆனால் நீயாக மாத்திரையை நிறுத்தாதே. அதில்தான் பலபேர் கெட்டார்கள். டி.பி. மாத்திரையோடு வேறு மாத்திரையும் தந்தால், தந்தால் என்றுதான் சொல்கிறேன், அதில் இருக்கிற டொலுடெக்ராவிர் இரண்டு வேளையா என்று கேள். டி.பி. மாத்திரையில் இருக்கிற ரிஃபாம்பிசின் அதன் அளவை ரத்தத்தில் இறக்கிவிடும். சிறுநீர் ஆரஞ்சாகப் போகும், பயப்படாதே, மாத்திரையை நிறுத்தாதே.

உன்னோடு தங்கியிருக்கிற பையனும் ஒரு டெஸ்ட் எடுத்துக்கொள்ளட்டும். அவனையும் நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. நன்றாகச் சமைப்பான் என்றாயே, அவனிடம் கஞ்சி வைத்துத் தரச் சொல்.

அப்பாவிடம் அல்சர் என்று சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை பிருந்தாவனில் வருகிறேன், டிக்கெட் எடுத்தாகிவிட்டது. திங்கட்கிழமை டாக்டர் கூப்பிடும்போது நானும் உள்ளே வருவேன், வெளியே உட்காரும்மா என்று சொல்லாதே.

அம்மா