மாடல் எஞ்சினுக்கு மலிவாக ஒரு குரல்

குன்னூர்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்ததில் சந்தோஷம். இங்கே எல்லாரும் சௌக்கியம். பச்சைத் தேயிலை விலையைப் பற்றி மட்டும் கேட்காதே. ரயிலே ஏறாத மலையில் உட்கார்ந்துகொண்டு (உங்கள் கொடைக்கானல் ரோடு ஸ்டேஷன் ஊரிலிருந்து 80 கிலோமீட்டர் கீழே!) பொம்மை எஞ்சினுக்குச் சத்தம் வைக்க ஆசைப்படுகிறாயே, அதுதான் நீ.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டிஜிட்டல் சவுண்ட் டிகோடர் (எஞ்சினுக்குள்ளேயே வைத்து, ஓட்டத்துக்கு ஏற்ப ஒலி எழுப்பும் சின்ன எலக்ட்ரானிக் போர்டு) வேண்டாம். அருமையான சரக்குதான், ஆனால் அந்தக் காசுக்கு இன்னொரு எஞ்சினே வாங்கிவிடலாம். டிஎஃப்பிளேயர் மினி என்று விரல் நுனி அகலத்தில் ஒரு எம்பி3 போர்டு உண்டு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்கு யாராவது தெரிந்தவர் போனால் சொல்லி விடு, சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். மெமரி கார்டு செருகும் இடம், சின்ன ஸ்பீக்கருக்குப் போதுமான ஆம்ப்ளிஃபையர் எல்லாம் அதிலேயே இருக்கிறது. தண்டவாளத்து மின்சாரத்தை மட்டும் அதற்குக் கொடுக்காதே. உன் பழைய கன்ட்ரோலரில் வண்டியை மெதுவாக்கினால் வோல்டேஜ் இறங்கி போர்டு அணைந்துவிடும். தனியாக ஒரு 3.7 வோல்ட் லித்தியம் செல் வை.

எஞ்சினுக்குள் இதற்கெல்லாம் இடம் ஏது என்பாய். நம் மலை ரயிலில் மேட்டுப்பாளையத்திலிருந்து எஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டுதானே ஏறுகிறது? நீயும் அப்படியே ஓட்டு. எஞ்சினை ஒட்டிய பெட்டிக்குள் எல்லாவற்றையும் வைத்தால் சத்தம் எஞ்சினிலிருந்து வருவது போலவே இருக்கும்.

காசு மிச்சமானால் ஸ்பீக்கரில் போடு, அதைவிட அதன் கூட்டில் கவனம் வை. செல்போன் ஸ்பீக்கர் அளவே போதும். ஆனால் அதன் பின்பக்கத்தைக் காற்றுப் புகாமல் ஒரு சிறு டப்பாவுக்குள் அடைக்க வேண்டும். திறந்து விட்டால் பின்பக்க ஒலி முன்பக்க ஒலியை அடித்துவிடும். கேட்பது கொசுச் சத்தம்தான். பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி ஒட்டினாலே எஞ்சினுக்கு நெஞ்சுக் குரல் வந்துவிடும்.

இரண்டு சிலிண்டர் எஞ்சின் என்றால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது நான்கு 'சுக்'. அச்சில் காந்தம் வைத்து ஒவ்வொன்றாக ஒலிக்க வைக்கலாமே என்று உனக்குத் தோன்றும். இந்த போர்டு சொன்னவுடன் பாடாது, கொஞ்சம் தயங்கும், அதனால் தாளம் தப்பும். நின்று மூச்சுவிடுவது, ஏற்றத்தில் முக்குவது, சமதளத்தில் ஓடுவது என்று நீளமான ஒலிப்பதிவுகளை வரிசையாகப் போடு. கார்டில் நகலெடுக்கும் வரிசையில்தான் பாடும், அதில் கவனம். போர்டின் 'அடுத்தது' பட்டனுக்குப் பதில் பெட்டியின் அடியில் ஒரு ரீட் ஸ்விட்ச் (காந்தம் பக்கத்தில் வந்தால் தானே இணையும் ஸ்விட்ச்) வைத்து, தண்டவாளத்துக்கு நடுவே அங்கங்கே காந்தம் புதைத்தால் வண்டி தானே பாட்டை மாற்றிக்கொள்ளும். காந்தத்தின் மேல் வண்டியை நிறுத்திவிடாதே. விடாமல் அழுத்தினால் போர்டு சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகும்!

அப்புறம், இணையத்தில் கிடைக்கும் வெளிநாட்டு எஞ்சின் சத்தம் வேண்டாம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை 12 அடிக்கு 1 அடி என்கிற ஏற்றத்தில் பல்சக்கரம் கடித்து ஏறும்போது, முதல் ஜோடி சிலிண்டர் விட்ட ஆவியையே வாங்கி இன்னொரு ஜோடி உழைக்கிறது. அந்தச் சத்தமே தனி. குன்னூருக்கு மேலே இப்போது டீசல்தான், எனவே கீழ்ப்பக்கம் போய்த்தான் பிடிக்க வேண்டும். காற்று இரைச்சலுக்கு மைக்கில் ஸ்பாஞ்ச் சுற்றி நானே பதிவு செய்து அனுப்புகிறேன்.

அதற்குள் பெட்டியின் உள் அகலத்தையும் உயரத்தையும் அளந்து எழுது. ஸ்பீக்கர் டப்பாவை இங்கேயே வெட்டி, ஊட்டி வர்க்கியோடு சேர்த்து அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
உன் குன்னூர் நண்பன்